தண்ணி புகுந்த காரும் அவசரப்பட்ட சாவியும்

காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா? முதலில் செய்ய வேண்டிய ரிப்பேர் ஒன்றே ஒன்றுதான். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பது!

கேட்பதற்குக் கிண்டல் மாதிரி இருக்கும். ஆனால் நனைந்த கார் லட்சக்கணக்கில் செலவு வைப்பதற்குப் பல நேரம் காரணம் தண்ணீர் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்ப்போமே" என்று சாவியைத் திருகும் அந்த ஐந்து வினாடிதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, இதில் வண்டிக்காரனின் தப்பு எவ்வளவு, வண்டியை விற்றவனின் தப்பு எவ்வளவு, சட்டத்தின் தப்பு எவ்வளவு என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலையடிவாரத்துக்கு வெள்ளம் வருமா?

பேளுக்குறிச்சி கொல்லிமலை அடிவாரத்து ஊர். வாரச் சந்தைக்கும் மளிகைச் சாமானுக்கும் பேர் போனது. இங்கே உட்கார்ந்து வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பற்றிப் பேசினால் "அது மெட்ராஸ்காரன் கவலைப்பா" என்பார்கள். நாமக்கல் மாவட்டத்திலேயே குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் 2022 ஆகஸ்டில் காவிரி கரையோர வீடுகளுக்குள் புகுந்ததை மறந்துவிடுகிறோம். சரி, அதையும் விடுங்கள். கார் நனைய ஆறு பெருக்கெடுக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

நிழலுக்காகப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவது நம் ஊர் வழக்கம். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் அங்கே இறங்கி இரண்டு பக்க ஓட்டை வழியாக வெளியே போகும். புளிய இலை எவ்வளவு பொடிசு என்று எல்லோருக்கும் தெரியும். அது அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, ஏசிக்குக் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கிவிடும். ஏசியில் சொட்டும் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் அடைத்தாலும் இதே கதைதான், இடது பக்கத்துக் கால்மிதி நனைந்திருக்கும். சன்ரூஃப் வைத்த வண்டியில் அதன் நான்கு மூலை வடிகுழாய்களும் சேர்த்தி. ராத்திரி மலையில் ஒரு மழை பெய்தால் போதும். காலையில் கதவைத் திறந்தால் காலடியில் குளம், சாவி போட்டால் சத்தமே இல்லை.

ஆக, தண்ணீர் இரண்டு விதமாக வரும். ஒன்று வெளியிலிருந்து மூழ்கடிக்கும் தண்ணீர். இரண்டாவது உள்ளே மட்டும் தேங்கும் தண்ணீர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் கை வைப்பதில்தான் பாதி வண்டி கெடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்? 1200 சிசி பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. அழுத்த விகிதம் 10க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 33 மில்லி. டீக்கடை கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு! டீசல் என்றால் விகிதம் 17 பக்கம் இருக்கும். மிச்ச இடம் 20 மில்லிகூடத் தேறாது.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த 33 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே இருக்கும்போது செல்ஃப் அடித்தால், மேலே வரும் பிஸ்டன் சுவரில் முட்டுவது போல் முட்டி நிற்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரை இழுத்தால் ராடு உடைந்து பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வரலாம். இதற்குத்தான் ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்று பேர். "செல்ஃப் எடுக்கலை, நாலு பேர் தள்ளுங்கப்பா" என்பதும் அதே கேடுதான். தள்ளினாலும் சுற்றப் போவது அதே எஞ்சின்தானே?

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

முதல் வேலை, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுவது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் கனெக்டர் பின்கள் மணிக்கணக்கில் அரிக்க ஆரம்பிக்கும். பச்சைக் களிம்பு பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அரிப்பின் வேகம் குறையும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே சில பெட்டிகள் விழித்துக்கொள்ளும், ஜாக்கிரதை. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டி என்றால் ஆரஞ்சு நிற வயர்களின் பக்கமே போகக்கூடாது. கம்பெனி ஆளைக் கூப்பிடுவதுதான் ஒரே வழி.

இரண்டாவது, போட்டோ. தண்ணீர் எதுவரை ஏறியது என்ற சேற்றுக் கோடு தெரியும்படி உள்ளும் புறமும் எடுத்து வையுங்கள். இது எதற்கு என்பது பின்னால் வரும்.

மூன்றாவது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது. அது காய்ந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு குறைவு. நனைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்து ஆயில் டிப்ஸ்டிக். அளவு ஏறியிருந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கையும், டீசலில் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, கிராங்கை ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்ற வேண்டும். இது மெக்கானிக் வேலை, வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல. கியர் ஆயில், பிரேக் ஆயிலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கட்டி இழுக்காமல் மேடை வண்டியில் ஏற்றிப் போவது நல்லது.

ஃபில்டர் காய்ந்திருக்கிறது, ஆயிலும் சுத்தம், ஆனாலும் வண்டி கிளம்பவில்லை என்றால்? இதுதான் உள்ளே மட்டும் தண்ணீர் தேங்கிய கேஸ். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம். பின் பக்கம் போகும் வயர் கட்டு போவது அந்த ஈரத்தின் மேல்தான். ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டி பெரும்பாலும் இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில். விளக்கு, கதவு, இம்மொபிலைசர் ஆகியவற்றைக் கவனிக்கும் பெட்டி பல வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே, கால் பக்கம். பெட்ரோல் பம்பின் கனெக்டர் நிறைய வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியில்.

அதனால் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுசாகத் தூக்கி, பஞ்சைத் தனியாகக் காய வைத்தே ஆக வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேன் போடுவதோடு முடிகிற வேலையல்ல. ஒவ்வொரு கனெக்டராகத் திறந்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் கழித்துத்தான் அதைத் தொட வேண்டும்.

எல்லாம் காய்ந்து பேட்டரியை மாட்டிய பிறகு, சத்தத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். சத்தமே இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி, மெயின் ஃபியூஸ், எர்த் வயர். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை என்றால் ரிலே, கிளட்ச் ஸ்விட்ச், இம்மொபிலைசர். "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால் பேட்டரி பலவீனம். ஒரே ஒரு "டக்" சத்தத்தோடு நின்றால் ஸ்டார்டர் மோட்டார் பிடித்திருக்கலாம், எஞ்சினே பிடித்தும் இருக்கலாம். திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், சாவி போட்டதும் பின்பக்கம் பம்ப் இரண்டு வினாடி முனகுகிறதா என்று காது கொடுங்கள். முனகல் இல்லையென்றால் பம்ப் ரிலேயும் கனெக்டரும். முனகுகிறது என்றால் இம்மொபிலைசர் விளக்கு மின்னுகிறதா, கிராங்க் சென்சார் நனைந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஸ்கேனர் போட்டால்தான் தெரியும். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு பேசவில்லை என்று ஸ்கேனர் சொன்னால், பெட்டியை மாற்றும் முன் நடுவில் இருக்கும் வயரையும் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆயிரம் ரூபாய் பெட்டியை மாற்றிய பிறகு கோளாறு ஒரு பச்சைக் களிம்பு பின்னில் இருந்ததாகத் தெரிந்தால் யாரைக் கேட்பது?

ஒன்று மட்டும் கூடவே கூடாது. ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று அதன் இடத்தில் கம்பியோ, சிகரெட் பெட்டி ஜரிகைத் தாளோ சொருகுவது. ஃபியூஸ் போவது நோய் இல்லை, அறிகுறி. அறிகுறியைக் கொன்றால் வண்டி பற்றி எரியும்.

வெயிலில் காய வைத்த காலம்

நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்கு வண்டியைப் பற்றிப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான். லாரிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று நாடே அறிந்த ஊர்கள். இங்கே பரம்பரையாக ஒரு வைத்தியம் உண்டு. பிளக்கைக் கழற்றித் துடை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் ஒற்றி எடு, ஒரு நாள் வெயிலில் போடு, செல்ஃப் அடி. அம்பாசடருக்கும் கார்புரேட்டர் வைத்த மாருதி 800க்கும் அது சரியான வைத்தியம்தான். உள்ளே மூளை என்று ஒன்றுமே கிடையாதே!

இன்று அம்பாசடரும் இல்லை, 800ம் இல்லை. இரண்டும் 2014இல் நின்றுவிட்டன. இப்போதைய காரில் கதவுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, ஸ்டியரிங்குக்கு ஒரு பெட்டி. பழைய மெக்கானிக்கின் கைக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் பழைய வைத்தியத்தை அப்படியே புது நோயாளிக்குக் கொடுத்தால் எப்படி? கார் விற்கும்போது ஆரத்தி எடுத்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்துத் தரும் ஷோரூம்கள், "தண்ணீர் புகுந்தால் சாவி போடாதீர்கள்" என்று கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாமே? 2015 சென்னை வெள்ளத்தின்போது கார் கம்பெனிகள் இதைத்தான் அவசர அவசரமாகச் சொன்னார்கள். வெள்ளம் வந்த பிறகு சொல்வதை டெலிவரி அன்றே தமிழில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பாலிசி சொல்வது என்ன?

முதல் விஷயம், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்துக்குப் பைசா கிடையாது. பழைய கார் வாங்கும் பல பேர் போலீஸ் பிடிக்காமல் இருந்தால் போதும் என்று அதை மட்டும்தான் போடுகிறார்கள். சொந்த சேதம் சேர்ந்த பாலிசியில் வெள்ளமும் புயலும் அடக்கம்.

ஆனால் அதில் சின்ன எழுத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு சேதத்தின் தொடர்ச்சியாக வரும் நஷ்டத்துக்கும், இயந்திர, மின் கோளாறுக்கும் பொறுப்பில்லை. இரண்டு, ரிப்பேர் செய்யாமல் வண்டியை ஓட்டியதால் சேதம் கூடினால் அந்தக் கூடுதல் முழுக்க வண்டிக்காரன் தலையில். புரிகிறதா? தண்ணீர் புகுந்தது இயற்கை. சாவி போட்டது நீங்கள். ராடு வளைந்ததற்கு "நீங்கள்தான் காரணம்" என்று கம்பெனி கை கழுவிவிடும். இந்தச் சண்டை நுகர்வோர் மன்றங்களில் இரண்டு பக்கமும் தீர்ப்பாகியிருக்கிறது. அதனால்தான் அந்த போட்டோ. எஞ்சினுக்கென்று தனியாக ஆட்-ஆன் உண்டு. அதிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துவிட்டு வாங்குங்கள்.

சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம். 5 வருஷம் தாண்டிய வண்டியின் உலோக பாகத்துக்கு 40 சதவீதம் கழிவு. நனைந்த காரில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் வயரும்தான் என்பதால், பாதி பில் உங்கள் பாக்கெட்டில் இருந்து. ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்ட வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டம். 4 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு 3 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் வந்தால் கணக்கு முடிந்தது. காமர்ஸ் புத்தகத்தில் சங்க் காஸ்ட் என்று ஒரு பாடம் வரும், போனது போனதுதான், அதன் மேல் காசைக் கொட்டாதே என்று. மூழ்கிய கார் அதற்கு நிஜமான உதாரணம்!

மூழ்கிய கார் எங்கே கரையேறும்?

இங்கேதான் அடிவாரத்து ஊருக்கும் சென்னைக்கும் முடிச்சு விழுகிறது. 2015 டிசம்பர் முதல் வாரம் சென்னை. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல், மறுபடி சென்னை. அதே மாதம் 17, 18 தூத்துக்குடி, திருநெல்வேலி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையில் ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்த வண்டிகள் சாலையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். வேளச்சேரிக்காரர்கள் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். சிரித்தவர்கள் உண்டு. பட்டவனுக்குத்தானே தெரியும்?

முழு நஷ்டம் என்று முடிவான கார் ஏலத்துக்குப் போகிறது. ஒரு கணக்குக்கு, 1 லட்சத்துக்கு எடுத்தவன் 70 ஆயிரம் செலவில் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து, 3 லட்சத்துக்கு விற்றால் லாபம் 1 லட்சத்து 30 ஆயிரம். அதை வெள்ளம் பார்த்த ஊரிலேயே விற்பானா? அங்கே எல்லோரும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். வெள்ளம் பார்க்காத ஊருக்குத்தான் கொண்டு வருவான். மேட்டுப் பூமியில் இருப்பவனுக்குத்தான் சந்தேகமே வராது. நாலு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் குடும்பத்துக்கு முதல் கார் வாங்குகிறவன், ஆறு மாசம் கழித்து வண்டி காலையில் கிளம்பாமல் நின்றால் தன் ராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். அந்த வண்டியோடு காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஏபிஎஸ் பெட்டியோ ஸ்டியரிங் பெட்டியோ படுத்தால்? அது பண நஷ்டத்தோடு போகிற விஷயம் இல்லை.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், மோசமான வண்டி நல்ல வண்டியைச் சந்தையை விட்டே துரத்திவிடும் என்பது அதன் சாரம். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். நம் சட்டமோ 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் "வாங்குபவனே விழித்திரு" என்ற விதியில் நிற்கிறது. சில விலக்குகள் உண்டுதான். ஆனால் விழித்திருந்தாலும் கார்ப்பெட்டுக்கு அடியில் கண் தெரியுமா?

அதுவரை வாங்குபவன் செய்யக்கூடியது

சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். ஸ்டெப்னி பள்ளம், சீட் போல்ட்டின் துரு, ஃபியூஸ் பெட்டியில் வண்டல், அளவுக்கு மீறிய வாசனை, எல்லாம் சாட்சிகள். இன்னொன்று, பழைய பாலிசியை வாங்கி நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். நாலைந்து வருஷம் ஒருவரே வைத்திருந்த காருக்கு அது பூஜ்யம் என்றால், அண்மையில் கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எதற்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வண்டியை விட்டுவிடுங்கள்.

எழுதி வைத்தால் என்ன?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வெள்ளத்தில் மூழ்கிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை விழுந்துவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு, இனி ஓடவே முடியாதபடி அழிந்த வண்டியை 14 நாளில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது. மூழ்கி, முழு நஷ்டம் வாங்கி, மறுபடி ஓடும் வண்டியின் ஆர்.சி.யில் அந்தக் கதையைச் சொல்ல ஒரு கட்டம் கிடையாது. பழைய கார் டீலர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அங்கீகாரச் சான்று, மின்னணுப் பதிவேடு என்றெல்லாம் விதி வந்துவிட்டது. அதோடு ஒரே ஒரு வரி சேர்க்கலாம். முழு நஷ்டம் என்று பணம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாகனப் பதிவில் ஏற்ற வேண்டும், விற்பவன் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கம்பெனியிடம் தகவல் இருக்கிறது, அரசிடம் கணினி இருக்கிறது. நடுவில் இல்லாதது மனசு மட்டும்தான்.

நனைந்த காரை யாரும் விற்கக்கூடாது என்பதல்ல வாதம். நன்றாகப் பிரித்துக் காய வைத்துச் சரிசெய்த வண்டி ஓடும், பாதி விலைக்கு வாங்க ஆளும் இருப்பார்கள். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பேளுக்குறிச்சி சந்தையில் சீரகம் வாங்கும் பாட்டிகூட ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துத்தான் வாங்குகிறாள். வியாபாரியும் மறுப்பதில்லை. மூன்று லட்சம் கொடுத்துக் கார் வாங்குகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?